யார் கைப் பக்குவம்?

(‘ஊடகம், உணவு, சாதி’ என்ற தலைப்பில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேக்கும் புட்டிங்கும் செய்கிற ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது ஒருங்கிணைப்பாளர் தோழர் சற்றுத் தயங்கினார். “சாதி ஒழிப்புக் கூட்டத்தில் கேக்கா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பேசி முடிக்கும்போது அதற்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று நம்புகிறேன்.

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஆய்வேட்டின் ஒரு பக்கமும் நகராத இரவுகளில் விடுதி அறையில் செல்பேசியில் ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ பார்ப்பேன். 2010இல் பிபிசியில் தொடங்கி, 2017இலிருந்து சேனல் 4இல் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி அது. ஒரு பெரிய புல்வெளியில் வெள்ளைக் கூடாரம். அதற்குள் வரிசையாக மேசைகளும் அடுப்புகளும். தொழில்முறைச் சமையல்காரர்கள் யாரும் போட்டியிட முடியாது. செவிலியர், மாணவர், ஓய்வுபெற்றவர், இல்லத்தரசி என்று வீட்டில் கேக் செய்து பழகியவர்கள்தான் போட்டியாளர்கள். வெற்றி பெறுகிறவருக்குப் பணம் கிடையாது. ஒரு பூங்கொத்தும், பெயர் பொறித்த ஒரு கேக் தட்டும்தான்.

ஒவ்வொரு வாரமும் மூன்று சுற்றுகள். அவற்றில் நடுவில் வரும் சுற்றுதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. அதற்கு ‘டெக்னிக்கல் சேலஞ்ச்’ என்று பெயர். எல்லோருக்கும் ஒரே பலகாரம், ஒரே பொருட்கள், பாதி மட்டும் எழுதப்பட்ட செய்முறை. செய்து முடித்ததும் ஒரு நீளமான மேசையில் எல்லாத் தட்டுகளையும் வரிசையாக வைக்க வேண்டும். செய்தவரின் நிழற்படம் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் படத்தின் முகம் நடுவர்களுக்குத் தெரியாது. நடுவர்கள் இருவரும் வருவார்கள், ஒவ்வொன்றாக வெட்டுவார்கள், வாயில் போடுவார்கள். அடி வெந்திருக்கிறதா, பாகு சரியா, இனிப்பு திகட்டுகிறதா என்று பார்த்துக் கடைசி இடத்திலிருந்து முதல் இடம்வரை வரிசைப்படுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் யார் செய்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதலில் ருசி. பிறகு கை.

முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் செல்பேசியை அணைத்து வைத்துவிட்டேன். எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்துவிட்டார்.

கடலூர் மாவட்டத்தில், கரும்பு விளைகிற ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா கரும்பு வெட்டுக்குப் போவார். சோகை கிழித்த கோடுகள் அவர் கையில் எப்போதும் இருக்கும். அம்மா பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவியாளர். உதவியாளர் என்றால் தாளில் சமைக்க உதவுகிறவர். எங்கள் பள்ளியில் அதற்குப் பொருள் வேறு. விறகு கொண்டுவரலாம், குழம்புச் சட்டி கழுவலாம், கூடத்தைப் பெருக்கலாம். கரண்டியைத் தொடக்கூடாது. இப்படி எந்த அரசாணையும் சொல்லவில்லை. யாரும் வாய்விட்டும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரியும், சமையலருக்குத் தெரியும், தலைமையாசிரியருக்குத் தெரியும், சாப்பிட வரிசையில் நின்ற எங்களுக்கும் தெரியும்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது காமராசர் பிறந்தநாள் வந்தது. அன்றைக்குச் சத்துணவில் சர்க்கரைப் பொங்கல் போடுவார்கள். அன்று பார்த்துச் சமையலர் வரவில்லை. வீட்டில் ஏதோ சாவு. அம்மாதான் சமைத்தார். வெல்லத்தை இடித்து, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு வைத்து, முந்திரி இல்லாததால் வேர்க்கடலையை வறுத்துப் போட்டுக் கிளறினார். வாசனை வகுப்பறைவரை வந்தது. மணி அடித்ததும் ஊர்த் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. சிலர் வீட்டுக்கு ஓடினார்கள். சிலர் தட்டில் வாங்கி, சுவர் ஓரமாகக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவினார்கள். நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். சட்டியில் பாதி அப்படியே இருந்தது.

மாலையில் தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டார். திட்டவில்லை. மென்மையாகத்தான் சொன்னார்: “அடுத்த தடவை சமையலம்மா லீவு போட்டா நீயும் லீவு போட்டுடும்மா. எதுக்கு வம்பு?”

அந்தப் பொங்கல் எப்படி இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அவரும் வாயில் வைக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, கடல் தாண்டி எங்கோ ஒரு கூடாரத்தில், ‘முதலில் சாப்பிட்டுப் பார், பிறகு யார் செய்தது என்று கேள்’ என்று ஒரு விளையாட்டுக்கு விதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, அந்த விதி எங்கள் பள்ளியில் ஒரே ஒரு நாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோழர்களே, இது என் அம்மாவின் தனிக்கதை அல்ல. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் சத்துணவுச் சமையலராக வந்தார். ஆதிக்க சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த வேலை அவரை அங்கிருந்து மாற்றியதுதான். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த மாறுதல் ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2021இல் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்தில் தலித் சமையல் பணியாளர் சமைத்ததை ஆதிக்க சாதி மாணவர்கள் புறக்கணித்தார்கள். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, நாடு முழுக்கப் பேச்சான பிறகு மீண்டும் நியமிக்கப்பட்டார். 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் இதே பிரச்சினை வந்தது. அங்கே ஆட்சியர் நேரில் போய் அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டார். எதிர்த்தவர்களுக்குச் சட்டத்தை நினைவூட்டினார். மூன்று இடத்திலும் உப்பு கூடிவிட்டது, சோறு குழைந்துவிட்டது என்று எவரும் குறை சொல்லவில்லை. குறை சாப்பாட்டில் இல்லை, கையில்.

இனிப்புக்கு இதில் தனி இடம் உண்டு. சோறு பசிக்கு, இனிப்பு மகிழ்ச்சிக்கு. குழந்தை பிறந்தால், தேர்வில் தேறினால், பெண் பார்த்து முடிந்தால் நாம் இனிப்பைத்தான் நீட்டுகிறோம். ‘என் மகிழ்ச்சியில் நீயும் பங்கெடு’ என்று சொல்லும் வேலையை அது செய்கிறது. அதனால்தான் சாதி இனிப்பின் மீது இத்தனை கண்காணிப்பு வைத்திருக்கிறது.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு மறுநாள் சேரியிலிருந்து பெண்கள் பண்ணை வீடுகளுக்குப் பலகாரம் வாங்கப் போவார்கள். என் பாட்டி போயிருக்கிறார். அதிரசம், முறுக்கு, நேற்றைய சுழியம் எல்லாம் ஒன்றாகக் கலந்து முந்தானையில் விழும். இந்தப் பழக்கத்தைப் பெருமையாக, ‘ஊரும் சேரியும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தோம்’ என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். என் பாட்டி சுட்ட அதிரசம் என்றைக்காவது எதிர்த் திசையில் போயிருக்கிறதா? ஊரிலிருந்து சேரிக்குப் பலகாரம் வரும். சேரியிலிருந்து ஊருக்கு ஒரு துண்டு வெல்லம்கூடப் போகாது. ஒரு பக்கம் மட்டுமே பாய்கிற இனிப்புக்குப் பெயர் பகிர்வு அல்ல. அது கூலியின் மிச்சம்.

நாமே செய்து நாமே சாப்பிட்டாலும் அவர்களுக்குப் பொறுக்காது. ‘சாதி ஒழிப்பு’ நூலில் புரட்சியாளர் அம்பேத்கர் சக்வாரா என்ற ஊரைப் பற்றிச் சொல்வதை இங்கே பலர் படித்திருப்பீர்கள். அன்றைய ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர். தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட ஒருவர் புனிதப் பயணம் போய்வந்து, தன் மக்களுக்கு ஒரு விருந்து வைத்தார். அந்த விருந்தில் நெய் இருந்தது. அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து, உணவைப் பாழாக்கி, உட்கார்ந்திருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் யாருடைய வீட்டிலும் திருடியது அல்ல. அவர் காசில் வாங்கியது. ஆனால் நெய் என்பது மேலே இருப்பவர்களின் அடையாளம். அதைக் கீழே இருப்பவர் தொட்டதுதான் குற்றம். 1936இல் வெளியான நூல் அது. பாயசத்திலும் கேசரியிலும் அல்வாவிலும் வழியும் நெய்யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சக்வாரா நினைவுக்கு வருகிறது.

‘யார் கை?’ என்ற கேள்விக்குக் கடைவாசலிலேயே பதில் எழுதி வைத்திருந்த காலமும் இங்கே இருந்தது. ‘பிராமணாள் ஓட்டல்’ என்ற பலகைக்கு வேறென்ன பொருள்? உள்ளே இட்லி மென்மையாக இருக்கும் என்றா அது சொன்னது? சமைத்த கை இன்னது, நீ பயப்படாமல் சாப்பிடலாம் என்று சொன்னது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு தந்தை பெரியார் மறியல் அறிவித்தார். மாதக்கணக்கில் தோழர்கள் சாரை சாரையாகப் போய்க் கைதானார்கள். அந்தச் சொல் இறங்கியது. அன்று ‘ஒரு பலகைக்காகவா இவ்வளவு போராட்டம்?’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் பலகை இறங்கியதால்தான் கோடிக்கணக்கான தமிழர்கள் யார் கை என்று கேட்காமல் காபி குடிக்கப் பழகினார்கள்.

ஆனால் பலகை போனதே தவிர, கேள்வி போகவில்லை. 2012இல் திருவரங்கத்தில் அதே ‘பிராமணாள்’ மீண்டும் ஒரு கடைப் பலகையில் ஏறியது. மீண்டும் போராட வேண்டியிருந்தது. இன்று கல்யாண வீடுகளில் அது ‘ஐயர் கேட்டரிங்’ என்று உலவுகிறது. பிற்படுத்தப்பட்ட சாதி வீட்டுத் திருமணத்திலும், மன்னிக்க வேண்டும், நம் வீட்டுத் திருமணத்திலும்கூட, ‘ஐயர் சமையல்’ என்று பெருமையாகச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் படித்த துறையில் பொங்கல் விழா. அழைப்பிதழில் ‘சமத்துவப் பொங்கல்’ என்று போட்டிருந்தார்கள். வேலைகளைப் பிரித்தபோது, சர்க்கரைப் பொங்கலை நான் வைக்கிறேன் என்று கையைத் தூக்கினேன். ஒரு நொடி அமைதி. உடன் படிக்கும் ஒருவர் சிரித்துக்கொண்டே, “நீங்க எதுக்குப்பா கஷ்டப்படணும்? ஐயர் கேட்டரிங்ல சொல்லியாச்சு. நீங்க கோலம் பார்த்துக்கோங்க” என்றார். அவர் கெட்டவர் அல்ல. என் ஆய்வுக் கட்டுரைக்குப் பிழை திருத்திக் கொடுத்தவர். ஆனால் அன்று எனக்கு என் தலைமையாசிரியரின் குரல் கேட்டது. எதுக்கு வம்பு?

கல்வி நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்கிறேன். முகம் பார்க்காமல் மதிப்பிடுவதற்கும் முகம் பார்த்து மதிப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு நமக்கு அடுப்பங்கரையில் மட்டும் இல்லை. எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு எண் இருக்கும், பெயர் இருக்காது. வாய்மொழித் தேர்வில் பெயர், ஊர், அப்பாவின் வேலை எல்லாம் மேசைமேல் வந்துவிடும். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2016இல் இதை ஆராய்ந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையில் இருந்த வேறுபாடு பாகுபாட்டைக் காட்டுகிறது என்று சொல்லி, வாய்மொழித் தேர்வின் 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. ‘தகுதி, திறமை’ என்று நம்மிடம் பாடம் எடுப்பவர்கள் இந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். தட்டுக்குப் பின்னால் இருக்கும் படம் திரும்பிய பிறகு மதிப்பெண் குறைகிறது என்றால், குறைவது யாருடைய தகுதி?

இவ்வளவு சொன்னதால் அந்தப் பிரிட்டிஷ் கூடாரத்தைச் சமத்துவபுரம் என்று நான் நினைப்பதாக எண்ண வேண்டாம். அந்தக் கூடாரத்தில் கொட்டுகிற சர்க்கரைக்கு ஒரு வரலாறு உண்டு. கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில்தான் இங்கிலாந்தின் தேநீர் இனித்தது. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடுத்து அந்தக் கரும்பை வெட்ட ஆள் தேடி நம்மிடம் வந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் ஊரின் சாதிக்கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பிப் போன நம் மக்கள் ஏராளம். கேக் வெள்ளைக்காரருடையது, அதன் சர்க்கரையில் நம் பூட்டன் பூட்டியின் வியர்வையும் இருக்கிறது.

அது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பலர் கருப்பையை அகற்றிக்கொண்டது 2019இல் வெளியே வந்தது. மாநில அரசு அமைத்த குழு ஏறத்தாழ 82,000 பெண்களிடம் கேட்டதில் 13,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அறுவை நடந்திருந்தது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அபராதம் என்ற நிலையில், மாதவிலக்கும் ஒரு நட்டமாகிவிடுகிறது. நிலமற்ற தலித் குடும்பங்களும் நாடோடிப் பழங்குடிகளும் பிற்படுத்தப்பட்ட ஏழைகளும்தான் அந்தக் கூட்டத்தில் நிறைந்திருப்பவர்கள். நம் வாயில் கரையும் மைசூர்பாகுக்கும் அந்தப் பெண்களின் உடலுக்கும் இடையில் ஒரு சர்க்கரை மூட்டைதான் தூரம்.

நம் நாட்டுத் தொலைக்காட்சி என்ன செய்தது? 2015இல் ஒளிபரப்பான ‘மாஸ்டர்செஃப் இந்தியா’ நான்காம் பருவத்தை முழுக்கச் சைவமாக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டின் அரசுக் கணக்கெடுப்புப்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். பத்தில் ஏழு பேரின் சமையலை வெளியே நிறுத்திவிட்டு, மிச்சத்துக்கு ‘இந்தியா’ என்று பெயர் வைத்தார்கள். கர்நாடகத்தில் 2021இல் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் எதிர்த்ததும் இதே மனநிலைதான். ஒரு முட்டை கேக்குக்குள் போவதையும் குழந்தையின் வயிற்றுக்குள் போவதையும் ஒரே கண்தான் வேவு பார்க்கிறது.

சரி, முகத்தை மறைத்து ருசி பார்ப்பதுதான் தீர்வா? இல்லை. இங்கேதான் அந்த நிகழ்ச்சியை விட்டு நாம் ஒரு படி மேலே போக வேண்டும்.

2015ஆம் ஆண்டுப் போட்டியில் வென்றவர் நதியா உசேன். வங்கதேசத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லூட்டனில் பிறந்தவர். தலையில் முக்காடு அணிந்தவர். அவர் வீட்டில் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு சாப்பிடும் வழக்கமே கிடையாது. அடுப்போடு இருந்த ‘அவன்’ பாத்திரம் அடுக்கி வைக்கும் இடமாக இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கேக் செய்யக் கற்றுத் தந்தது பள்ளிக்கூடம். தன் திருமணத்தில் கேக் இல்லை என்பதால், இறுதிச் சுற்றில் தனக்கே ஒரு திருமணக் கேக் செய்து, அதைத் தன் கல்யாண நகைகளால் அலங்கரித்தார். அந்த இறுதிச் சுற்றை 1.3 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அரசியின் 90ஆவது பிறந்தநாள் கேக்கை அவர்தான் செய்தார். அதே நேரத்தில், தோற்ற வெள்ளைக்காரப் பெண் சாக்லேட்டில் மசூதி செய்திருந்தால் வாய்ப்பு கூடியிருக்கும் என்று ஒரு பத்திரிகையில் நஞ்சைக் கக்கியும் எழுதினார்கள்.

முகம் தெரியாதபோது எல்லோரும் நியாயவான்கள்தான். படம் திரும்பிய பிறகும், முக்காடு தெரிந்த பிறகும், அந்தத் தட்டை நோக்கிக் கை நீளுமா என்பதுதான் சோதனை. நம்மிடமும் அப்படித்தான். ஓட்டலில் யார் மாவு ஆட்டினார் என்று தெரியாமல் சாப்பிடுகிறவர், தெரிந்த பிறகு வீட்டில் சாப்பிடுவாரா?

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி செத்துவிடாது என்று அம்பேத்கர் அன்றே எச்சரித்தார். அகமண முறையை உடைக்க வேண்டும், அதற்குப் புனிதம் கற்பிக்கும் சாத்திரத்தின் அதிகாரத்தை உடைக்க வேண்டும் என்றார். சுதந்திர தினத்தன்று கோயிலில் சமபந்தி உண்டுவிட்டு மறுநாள் ஆணவக்கொலைக்கு அமைதி காக்கிற சமூகத்தில் அது எவ்வளவு உண்மை! ஆனால் கையிலிருந்து ஒரு கவளம் வாங்க மறுப்பவர் அந்தக் கையைப் பிடித்து மணமேடை ஏறமாட்டார். அடுப்பங்கரையைத் தாண்டாமல் மணப்பந்தலுக்குப் போக வழியில்லை.

ஆகவே சில கோரிக்கைகள். சத்துணவிலும் காலை உணவுத் திட்டத்திலும் எந்தப் பள்ளியில் யார் உண்மையில் கரண்டி பிடிக்கிறார், யார் சட்டி மட்டும் கழுவுகிறார் என்று அரசு கணக்கெடுக்க வேண்டும். சமையலரைச் சாதி சொல்லிப் புறக்கணித்தால் பாதிக்கப்பட்டவரை இடம் மாற்றுவதை நிறுத்தி, முதல் நாளே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அந்த உணவை உண்ண வேண்டும். நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நம் வீட்டு விசேசங்களில் ‘ஐயர் கேட்டரிங்’ என்ற சொல்லை நம் வாயிலிருந்தே முதலில் இறக்குவோம். பலகையை இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

கடைசியாக ஒன்று. தேநீர் இடைவேளைக்குப் பின்வரிசை மேசையில் ஒரு தூக்குச்சட்டி இருக்கிறது. சர்க்கரைப் பொங்கல். நேற்று இரவு அம்மா கிளறியது. காலையில் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அம்மாவும் வந்திருக்கிறார், அதோ சன்னலோரம். அவரே கரண்டி பிடித்துப் பரிமாறுவார். படத்தைத் திருப்பி வைக்கவில்லை. யார் கை என்று தெரிந்துதான் சாப்பிடப் போகிறீர்கள். எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அதை அவரிடம் கேட்க வேண்டியவர்கள் அன்றைக்குக் கேட்கவில்லை. இனிப்பு குறைவு என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நெய் மட்டும் குறையாது. சக்வாரா கதையை அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.